மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின்: எந்தப் படம், எப்பொழுது?

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகர் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் வரையில் போர்ட் பிளேர் என வழங்கி வந்தது. இப்பொழுது ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது. அந்நகரின் ஒரு பகுதி டெய்ரி ஃபார்ம். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581 ஆகும். அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இங்கிருந்து சென்னைக்குக் கடல்வழி ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். கப்பலில் செல்வோர்க்கு அது சுமார் மூன்று நாள் பயணம்.

டெய்ரி ஃபார்மில் வாழும் பெண்கள் இருவரை ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கற்பனை செய்துகொள்ளலாம். இருவரும் மார்பகப் புற்றுநோய்க்குச் சென்னையில் சிகிச்சை பெற்று நலமுடன் ஊர் திரும்பியவர்கள். நோய் மீண்டும் வந்துவிடுமோ என்னும் அச்சத்தால், முதலாமவர் ஆறு மாதத்திற்கு ஒரு முறை கடல் கடந்து சென்று உடல் முழுவதையும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வருகிறார். வீட்டு நகைகள் அடகுக்குப் போகின்றன. இரண்டாமவரோ, ‘கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இனி எதற்குப் படம்?’ என்று கருதி நான்கு ஆண்டுகளாக ஒரு படமும் எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறார்.

இவ்விருவர் செயலும் தவறானதே. முன்னவர் தேவையற்ற படங்களுக்குப் பொருளையும் மன அமைதியையும் இழக்கிறார். பின்னவர் தேவையான ஒரே படத்தை இழக்கிறார். இப்பெண்களை வீட்டில் சென்று காணும் சுகாதாரப் பணியாளரும், ஊரார் ஐயங்களுக்கு விடை கூறும் ஆசிரியரும், எந்தப் படம் எதற்கு உரியது என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஆதலின் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர்.

கண்காணிப்பு எதன் பொருட்டு?

சிகிச்சைக்குப் பிறகு நோய் மூன்று வகையில் தோன்றக்கூடும். முதலாவது, சிகிச்சை பெற்ற மார்பகத்திலோ, தழும்பை ஒட்டிய மார்புச் சுவரிலோ, அக்குளிலோ அது மீளலாம். இரண்டாவது, எதிர்ப்புற மார்பகத்தில் புதிதாக ஒரு புற்று உண்டாகலாம். மூன்றாவது, எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை போன்ற தொலைவான உறுப்புகளில் வெளிப்படலாம். முதல் இரு வகைகளும் தொடக்கத்திலேயே காணப்பட்டால் பெரும்பாலும் குணப்படுத்தக் கூடியவை. மூன்றாம் வகையை மருந்துகளால் பல ஆண்டுகள் கட்டுப்படுத்தி வைக்கலாமேயன்றி முற்றிலும் நீக்குதல் அரிது. எப்படம் பயனுடையது, எப்படம் பயனற்றது என்னும் கேள்விக்கு அடிப்படை இவ்வேறுபாடே.

மார்பகம் முழுவதையும் அகற்றாமல் கட்டியை மட்டும் அகற்றும் முறை இன்று பரவலாகக் கையாளப்படுகிறது. அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் நடைபெற்ற ஆராய்ச்சியின் 20 ஆண்டு முடிவுகள் 2002-ஆம் ஆண்டில் வெளியாயின. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டது. கதிர்வீச்சுப் பெறாதவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு மீண்டது. ஆயினும் மார்பகம் முழுவதும் அகற்றப்பெற்றவர்களின் ஆயுட்காலத்திற்கும் இவர்களுடைய ஆயுட்காலத்திற்கும் வேறுபாடு காணப்படவில்லை. இன்றைய சிகிச்சை முறைகளால் நோய் மீளும் விகிதம் இன்னும் குறைந்துள்ளது. எனினும் எஞ்சிய மார்பகத்தைக் கவனித்து வருதல் வேண்டும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

மேமோகிராம்

மார்பகத்தை எக்ஸ் கதிர்களால் படமெடுக்கும் முறைக்கு மேமோகிராம் என்று பெயர். ரான்ட்ஜென் 1895-ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1913-இல், பெர்லின் நகர அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமோன் அறுவையில் அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை அக்கதிர்களால் ஆராய்ந்து, புற்றுக் கட்டிகளின் தோற்றத்தை விவரித்தார். இன்றைய மேமோகிராமுக்கு அதுவே வித்தாகும்.

இச்சோதனையில் மார்பகம் இரு தட்டுகளுக்கு இடையில் சிறிது நேரம் அழுத்தப்படுகிறது. இதனால் ஓரளவு வலி உண்டாகலாம். எனினும் அழுத்துவதற்குக் காரணம் உண்டு. திசு சமமாகப் பரவுவதால் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் பகுதிகள் பிரிந்து தெரிகின்றன. குறைந்த கதிரே போதுமானதாகிறது. படமும் தெளிவாக அமைகிறது. ஒவ்வொரு மார்பகத்தையும் மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் சாய்வாக ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுப்பர்.

படத்தில் கொழுப்பு கருமையாகவும், சுரப்பித் திசு வெண்மையாகவும் தோன்றும். கட்டியும் வெண்மையாகவே தோன்றும். கையால் தடவி அறிய இயலாத மிகச் சிறு சுண்ணாம்புத் துகள்களும் உப்புத்தூள் தூவியதுபோல் தெரியும். இத்துகள்கள் சில சமயங்களில் புற்றின் முதல் அறிகுறியாக அமைவதுண்டு. மேமோகிராமின் தனிச் சிறப்பு இதுவே.

‘ஆண்டுதோறும் எக்ஸ் கதிர் படுவதே கெடுதல் அன்றோ?’ என்று பலர் வினவுவர். ஒரு முறை எடுக்கும் மேமோகிராமில் உடல் ஏற்கும் கதிரின் அளவு சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண், காற்று, வானம் ஆகியவற்றிலிருந்து இயற்கையாகவே மனிதன்மேல் படும் கதிர் உலக சராசரிப்படி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். எனவே மேமோகிராமின் கதிர் ஏறத்தாழ இரண்டு மாத இயற்கைக் கதிருக்குச் சமம். கிடைக்கும் பயனை நோக்க இது மிகச் சிறிது.

யாருக்கு, எப்பொழுது?

மார்பகத்தைக் காத்துச் சிகிச்சை பெற்றவர்கள், கதிர்வீச்சு முடிந்து 6 முதல் 12 மாதங்களுக்குள் முதல் மேமோகிராம் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். அதற்கு முன் எடுத்தால் வீக்கமும் தோலின் தடிப்பும் படத்தை மறைக்கும். அதன் பின்னர் ஆண்டுக்கு ஒரு முறை இரு மார்பகங்களையும் படமெடுத்தல் பொதுவான நியமம்.

ஒரு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டவர்க்கு, அகற்றிய பக்கத்தில் மேமோகிராம் தேவையில்லை. அப்பக்கத்தைக் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் மருத்துவர் சோதிப்பார். ஆனால் எதிர்ப்புற மார்பகத்தை ஆண்டுதோறும் படமெடுத்தல் வேண்டும். ‘எடுத்தாயிற்றே’ என்று இருந்துவிடும் பெண்கள் மறப்பது இவ்வெதிர்ப்புறத்தையே.

இந்த ஆண்டுக் கணக்கு எல்லார்க்கும் என்றும் மாறாதது அன்று. பிரிட்டனில் 50 வயதும் அதற்கு மேலும் ஆகி, அறுவைக்குப் பின் மூன்று ஆண்டுகள் நலமாகக் கழித்த 5,235 பெண்களிடம் ஓர் ஆராய்ச்சி நடத்தப்பெற்றது. ஒரு சாரார் ஆண்டுதோறும் மேமோகிராம் எடுத்துக்கொண்டனர். மற்றொரு சாரார் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்துக்கொண்டனர். பின்னவர்க்குக் குறைவு ஏதும் நேரவில்லை என்னும் முடிவு 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஆகையால் சிலருக்கு இடைவெளியை நீட்டிக்க மருத்துவர் இசையக்கூடும். அம்முடிவு மருத்துவருடையதாக இருத்தல் வேண்டும். பயணத்திற்கு அஞ்சித் தாமே நிறுத்திவிடுதல் கூடாது.

பழைய படமே உரைகல்

அறுவையும் கதிர்வீச்சும் மார்பகத்தில் தழும்பை உண்டாக்குகின்றன. இறந்த கொழுப்பைச் சூழ்ந்து சுண்ணாம்பு படிவதும் உண்டு. இவை படத்தில் புற்றைப் போன்றே தோன்றக்கூடும். ஒரே ஒரு படத்தைக் கண்டு இவற்றை வேறுபடுத்துதல் கடினம். ஆனால் சென்ற ஆண்டின் படத்தை அருகில் வைத்தால் விடை கிடைக்கும். தழும்பு இரண்டு மூன்று ஆண்டுகளில் சுருங்கி நிலைபெறும், புற்று வளரும். மாறாமல் இருப்பது ஆறுதல். நிலைபெற்ற பின் பெருகுவது எச்சரிக்கை.

எனவே பழைய படங்களைக் காத்தல், புதிய படம் எடுத்தலைப் போன்றே முக்கியமானது. தீவுகளின் ஈரக்காற்றில் பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். ஒவ்வொரு பிலிமையும் தனி உறையிலிட்டு, ஈரம் புகாத பெட்டியில் நிமிர்த்தி வைத்தல் நலம். படம் பதிந்த தகடு கொடுக்கப்பட்டால் அதற்கு ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ளலாம். அறுவை அறிக்கை, திசுச் சோதனை அறிக்கை, கதிர்வீச்சு முடிந்த நாள் ஆகியவையும் அதே பெட்டியில் இருத்தல் வேண்டும். ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குச் சென்றாலும், சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பெற்ற புற்றுநோய் மருத்துவமனைக்குச் சென்றாலும், மருத்துவர் முதலில் கேட்பது இப்பெட்டியில் இருப்பவற்றையே.

அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும்

அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் எக்ஸ் கதிர் இல்லை. செவிக்குக் கேளாத ஒலி அலைகளே பயன்படுகின்றன. ஒரு கட்டியில் நீர் நிறைந்துள்ளதா, திசு நிறைந்துள்ளதா என்பதை இது எளிதில் காட்டும். அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களைக் காணவும், ஐயத்திற்குரிய இடத்தில் ஊசியைச் செலுத்தித் திசு எடுக்கவும் இது உதவும். ஆயினும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களை மேமோகிராமைப் போல் இது காட்டுவதில்லை. எனவே அல்ட்ராசவுண்டு மேமோகிராமுக்குத் துணையேயன்றி மாற்று ஆகாது.

இளம் பெண்களின் மார்பகத்தில் சுரப்பித் திசு மிகுந்து அடர்த்தியாக இருக்கும். வெண்மையான திசுவுக்கு நடுவே வெண்மையான கட்டியைக் காணுதல் பனிமூட்டத்தில் வெண்கொக்கைத் தேடுவது போன்றதாகும். இத்தகையோர்க்கும், 50 வயதிற்கு முன் நோய் கண்டவர்க்கும், பரம்பரையாக வரும் மரபணு மாற்றம் உடையவர்க்கும் மருத்துவர் எம்.ஆர்.ஐ. சோதனையையும் சேர்த்து எழுதலாம். வலிய காந்தப் புலமும் வானொலி அலைகளும் கொண்டு இப்படம் எடுக்கப்படுகிறது. கெடோலினியம் கலந்த மருந்து இரத்தக் குழாயில் செலுத்தப்படும். இரத்த ஓட்டம் மிகுந்த புற்று அதனால் விளங்கித் தோன்றும். தழும்பா, புற்றா என்னும் ஐயம் தீராதபோதும் இச்சோதனை கைகொடுக்கும். ஆனால் இது பல வேளைகளில் தீங்கற்ற இடங்களையும் ஐயத்திற்குரியனவாகக் காட்டிவிடும். ஆதலின் எல்லார்க்கும் பொதுவாக விதிக்கப்படுவதில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் சிறுநீரகக் கோளாறு உடையவர்களும் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

உடல் முழுவதற்குமான படங்கள்

எலும்பு ஸ்கேன், சி.டி. ஸ்கேன், பெட் ஸ்கேன் ஆகியவை தொலைவான உறுப்புகளில் நோயைத் தேடுபவை. எலும்பு ஸ்கேனில் டெக்னீஷியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருள் செலுத்தப்படுகிறது. எலும்பு புதுப்பிக்கப்படும் இடங்களில் அது மிகுதியாகச் சேரும். பெட் ஸ்கேனில், சர்க்கரையைப் போன்ற ஒரு பொருளில் ஃபுளூரின்-18 இணைக்கப்படுகிறது. சர்க்கரையை மிகுதியாக உட்கொள்ளும் திசுக்கள் படத்தில் ஒளிர்கின்றன.

இவை வியப்புக்குரிய சாதனங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் இவை காட்டும் ஒளி புற்றின் ஒளியாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. மூட்டுத் தேய்மானமும் ஆறிவரும் எலும்பு முறிவும் எலும்பு ஸ்கேனில் தோன்றும். காசநோயும் வேறு தொற்றுகளும் பெட் ஸ்கேனில் ஒளிரும். அந்த ஒளியின் காரணத்தை அறிய மேலும் ஒரு ஸ்கேன், ஊசிச் சோதனை, பல வாரக் கவலை என்று தொடர்ந்து செல்லும். சி.டி., பெட் படங்களில் உடல் ஏற்கும் கதிரும் மேமோகிராமினும் பல மடங்கு அதிகம்.

நோய்க்குறி எதுவும் இல்லாத பெண்ணுக்கு இப்படங்களை அடிக்கடி எடுத்து வந்தால் ஆயுள் கூடுமா? இக்கேள்விக்கு இத்தாலியில் இரு பெரும் ஆராய்ச்சிகள் விடை தேடின. இரண்டின் முடிவுகளும் 1994-ஆம் ஆண்டில் வெளியாயின. முதல் ஆராய்ச்சியில் 1,320 பெண்கள் பங்குகொண்டனர். ஒரு பிரிவினர்க்கு எலும்பு ஸ்கேன், கல்லீரல் ஸ்கேன், மார்பு எக்ஸ்-ரே ஆகியவை முறையாக எடுக்கப்பட்டன. மற்றப் பிரிவினர்க்கு மருத்துவர் சோதனையும் மேமோகிராமும் மட்டுமே அளிக்கப்பட்டன. வேறு படங்கள் நோய்க்குறி தோன்றினால் மட்டும் எடுக்கப்பட்டன. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் முதற் பிரிவில் நூற்றுக்கு 20 பேரும், இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 18 பேரும் இறந்தனர். புள்ளிவிவர முறைப்படி இவை வேறுபாடற்றவை. இரண்டாவது ஆராய்ச்சியில் 1,243 பெண்கள் பங்குகொண்டனர். அதில் ஆறு மாதத்திற்கு ஒரு முறை மார்பு எக்ஸ்-ரேயும் எலும்பு ஸ்கேனும் எடுக்கப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுகளில் இறந்தோர் நூற்றுக்கு 18.6, எடுக்கப்படாதவர்களில் 19.5. இங்கும் ஆயுளில் வேறுபாடு இல்லை.

இதன் பொருள் யாது? தொலைவான உறுப்புக்குப் பரவிய நோயைச் சில மாதங்கள் முன்னதாகக் கண்டதனால் ஆயுள் நீளவில்லை; நோயை அறிந்து கவலையுறும் காலமே நீண்டது. அவ்வாராய்ச்சிகள் நடந்த காலத்தில் இன்றைய மருந்துகளும் கருவிகளும் இல்லை என்பது உண்மையே. புதிய முறைகள் பற்றிய ஆராய்ச்சிகளும் நடைபெற்று வருகின்றன. எனினும் நோய்க்குறி இல்லாதவர்க்கு இவற்றை வழக்கமாக எடுத்தல் வேண்டா என்பதே அமெரிக்க, ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவர் சங்கங்களின் இன்றைய நெறியுமாகும்.

நோய்க்குறி தோன்றினால்

மேற்கூறிய விதி நோய்க்குறி இல்லாதவர்க்கே உரியது. குறி தோன்றிய கணமே விதி மாறுகிறது. அப்பொழுது ஸ்கேன் எடுக்கத் தாமதித்தல் பெருந்தவறு. பின்வருவனவற்றைப் பணியாளர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

1. மார்பகத்தில், தழும்பில், அக்குளில், கழுத்தில் புதிய கட்டி; தோலில் சிவப்பு, புண், சுருக்கம்; முலைக்காம்பில் கசிவு.

2. வாரக்கணக்கில் நீங்காத எலும்பு வலி, சிறப்பாக முதுகிலும் இடுப்பிலும் இரவில் மிகும் வலி. அத்துடன் கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க இயலாவிடினோ அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

3. மூச்சுத் திணறல், நீங்காத இருமல்.

4. மஞ்சள் காமாலை, வயிற்று வீக்கம், காரணமின்றி எடை குறைதல்.

5. நீங்காத தலைவலி, வாந்தி, வலிப்பு, பார்வை மாற்றம்.

குறி எங்கு உள்ளதோ அதற்கேற்ற படத்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். படத்தில் ஐயம் தோன்றினால் திசுச் சோதனையே முடிவான விடை அளிக்கும்.

வேறு நோக்கமுள்ள படங்கள்

சில படங்கள் புற்றைத் தேடுவதற்கு அல்லாமல், மருந்தின் விளைவை அறிவதற்கு எடுக்கப்படுகின்றன. லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்ற மாத்திரைகளை உண்போர்க்கு எலும்பு மெலியக்கூடும். ஆதலின் எலும்பு அடர்த்திச் சோதனை தேவை. டிராஸ்டுசுமாப் ஊசி பெறுவோர்க்கு இதயத்தின் வலிமையை அறிய எக்கோ எடுப்பர். டாமாக்சிபென் உண்போர்க்கு மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்குக் கண்டால் கருப்பையைச் சோதித்தல் வேண்டும். இவை வீண் செலவு அல்ல என்பதையும் பணியாளர் எடுத்துக் கூறுதல் நலம்.

களப் பணியாளர் செய்யத்தக்கவை

படம் எடுத்தால் போதும் என்று மருத்துவரைக் காணாதிருத்தல் கூடாது. முதல் மூன்று ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறையும், நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒரு முறையும், அதன் பின் ஆண்டுதோறும் மருத்துவர் சோதனை தேவை.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அட்டை எழுதி வைக்கலாம். சிகிச்சை முடிந்த நாள், எந்தப் பக்கம், எவ்வகை அறுவை, சென்ற மேமோகிராம் எடுத்த மாதம், அடுத்தது வரும் மாதம் ஆகிய ஐந்து குறிப்புகள் போதும். மருத்துவர் சந்திப்பும் மேமோகிராமும் ஒரே பயணத்தில் அமையுமாறு முன்கூட்டியே நாள் கேட்டுவைத்தால், கடல் கடந்து செல்வோர்க்கு ஒரு பயணச் செலவு மிச்சமாகும். மாதவிடாய் உள்ளவர்கள் அது முடிந்த அடுத்த வாரத்தில் சென்றால் அழுத்தத்தின் வலி குறையும். சோதனை நாளன்று மார்பிலும் அக்குளிலும் பவுடர் பூசுதல் கூடாது. பவுடர்த் துகள் படத்தில் சுண்ணாம்புத் துகளைப் போலத் தோன்றி ஏமாற்றக்கூடும்.

முதலில் கூறிய பெண்கள் இருவர்க்கும் பணியாளர் கூற வேண்டிய சொல் ஏறத்தாழ ஒன்றே. அஞ்சி வருந்துபவரிடம், ‘அம்மா, நோய்க்குறி ஒன்றும் இல்லாதபோது ஆண்டுக்கு ஒரு மேமோகிராமும் மருத்துவர் சோதனையும் போதுமானவை, மற்றப் படங்கள் வேண்டுமா என்பதை மருத்துவரையே கேளுங்கள்’ எனலாம். அசட்டையாக இருப்பவரிடம், ‘அம்மா, எதிர்ப்புற மார்பகம் இருக்கிறதே, இந்த ஆண்டுப் படத்தை எடுத்துவிடுவோம்’ எனலாம். இருவரும் அட்டையையும் பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு புறப்படும் நாளிலேயே பணியாளரின் கடமை நிறைவேறுகிறது.

ஆசிரியர்களுக்கு: வகுப்பில் செய்து காட்டவும் வினவவும்

1. மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றினுள் ஒரு நாணயத்தை வைத்துச் சுருட்டி, டார்ச் விளக்கின் முன் பிடிக்கவும். பின்னர்த் துணியை விரித்து ஓர் அடுக்காக்கி, நாணயத்தை அதன் பின்புறம் வைத்துப் பிடிக்கவும். எப்பொழுது நாணயத்தின் நிழல் தெளிவாகத் தெரிகிறது? மேமோகிராமில் அழுத்துவதன் காரணத்தை இதிலிருந்து விளக்குக.

2. ஃபுளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். காலை 8 மணிக்கு உற்பத்தியான பொருளில் முற்பகல் 11.40 மணிக்கு எவ்வளவு பங்கு எஞ்சியிருக்கும்? (விடை: நான்கில் ஒரு பங்கு.) இப்பொருளைச் சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கொண்டுவருவதில் உள்ள இடர் யாது?

3. ஒரு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்ட பெண்ணுக்கு மேமோகிராம் தேவையா? எந்தப் பக்கத்திற்கு?

4. நோய்க்குறி இல்லாத பெண் ஆறு மாதத்திற்கு ஒரு முறை உடல் முழுவதும் ஸ்கேன் எடுத்துக்கொள்வதால் விளையும் தீமைகள் மூன்றினைக் கூறுக.

5. பழைய படங்களைக் காத்து வைப்பதன் பயன் யாது?